இருபது வயது மடிக்கணினியை இன்றைய வைஃபையில் இணைத்தல்

பரணிலிருந்து இறக்கிய பழைய மடிக்கணினிக்குப் பொருந்தும் சார்ஜரைத் தேடிப் பிடித்துத் திரையில் வெளிச்சம் வரவழைத்துவிட்டால், அடுத்து எல்லோரும் செய்வது வீட்டு வைஃபையில் அதை இணைத்துப் பார்ப்பதுதான். பெரும்பாலும் முயற்சி அங்கேயே நின்றுபோகிறது. சிலருக்கு வீட்டு வைஃபையின் பெயரே பட்டியலில் வராது. சிலருக்குப் பெயர் வரும், ஆனால் கடவுச்சொல்லைப் பிழையின்றிக் கொடுத்தாலும் கணினி உள்ளே நுழையாது. அதையும் தாண்டி இணைந்தவர்களுக்கு ஒரு தளமும் திறக்காது. மூன்றும் ஒரே நோய் போலத் தோன்றினாலும் காரணம் வேறு, மருந்தும் வேறு. நம் கணினி எந்தப் படியில் நிற்கிறது என்பதைத் தெளிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால், பயன்படாத கார்டுகளைத்தான் வாங்கி வருவோம்.

என் கையில் இருப்பது ஐபிஎம் திங்க்பேட் டி42. 2004இல் வந்த இந்த மடிக்கணினியில் பென்டியம் எம் செயலியும், 512 எம்பி நினைவகமும், விண்டோஸ் எக்ஸ்பியும், இன்டெல் ப்ரோ வயர்லெஸ் 2200பிஜி என்ற வைஃபை கார்டும் உள்ளன. இதை முன்வைத்தே எழுதுகிறேன். ஏறக்குறைய 2003 முதல் 2008 வரை வந்த டெல், எச்பி, தோஷிபா மடிக்கணினிகளுக்கும், விசைகளின் இடத்தையும் மென்பொருள்களின் பெயரையும் மாற்றிக்கொண்டால், இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் கைபேசியை வைத்து ஒரு சோதனை

ரூட்டரில் கை வைப்பதற்கு முன் ஐந்து நிமிடத்தில் முடியும் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அதன் அமைப்புகளில் அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றும், பாதுகாப்பை டபிள்யூபிஏ2 பெர்சனல் (வைஃபையின் பூட்டு வகைகளில் ஒன்று) என்றும் வையுங்கள். ஐஃபோன் 12லும் அதற்குப் பிந்தைய ஐஃபோன்களிலும் இதற்கு ‘மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்றொரு பொத்தான் உண்டு; அதைப் போட்டால் ஹாட்ஸ்பாட் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஹாட்ஸ்பாட்டின் பெயரை எளிய ஆங்கில எழுத்துகளில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலோ பொம்மைக் குறிகளிலோ வைத்த பெயரைப் பழைய கணினி கட்டங்களாகக் காட்டும், சில வேளைகளில் அதோடு இணையவும் தடுமாறும்.

இந்த ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினி இணைந்துவிட்டால் அதன் கார்டும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் நலமாக இருக்கின்றன, சரிசெய்ய வேண்டியது வீட்டு ரூட்டரின் அமைப்பு மட்டுமே என்று பொருள். இணையவில்லை என்றால் ரூட்டரை விட்டுவிட்டு மடிக்கணினியைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் தொலைத்திருக்கிறேன். கடைசியில் பார்த்தால் மடிக்கணினியின் வைஃபை, விசைப்பலகையிலேயே அணைக்கப்பட்டிருந்தது. திங்க்பேடில் எஃப்என் விசையை அழுத்திக்கொண்டு எஃப்5ஐத் தட்டினால் அது மீண்டும் உயிர்பெறும். வேறு நிறுவனங்களின் மடிக்கணினிகளில் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ ஒரு சிறிய நகர்த்தும் சுவிட்ச் இருக்கும். இருபது ஆண்டுத் தூசி படிந்திருப்பதால் அது இருப்பதே கண்ணில் படாது.

பெயரே தெரியாதபோது

2200பிஜி கார்டுக்குத் தெரிந்தவை 1999இன் 802.11பி தரமும் 2003இன் 802.11ஜி தரமும்தான். முதலாவதன் உச்ச வேகம் நொடிக்கு 11 மெகாபிட், இரண்டாவதன் உச்ச வேகம் 54 மெகாபிட். இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. இன்றைய ரூட்டர்கள் 5 கிகாஹெர்ட்ஸிலும் சேர்த்தே ஒலிபரப்புகின்றன. வேகம் வேண்டி 2.4ஐ அணைத்து வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அத்தகைய வீட்டில் பழைய கார்டு எத்தனை முறை தேடினாலும் எதுவும் அகப்படாது.

ஆகவே ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, 2.4 கிகாஹெர்ட்ஸ் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வகை பி, ஜி, என் மூன்றும் கலந்ததாக இருக்கட்டும். பிந்தைய தரங்களான ‘என் மட்டும்’ என்றோ ‘ஏஎக்ஸ் மட்டும்’ என்றோ வைத்திருந்தால் பழைய கார்டுக்கு இடமில்லை. சானலின், அதாவது அலைவரிசைக்குள் ரூட்டர் பயன்படுத்தும் பகுதியின், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைப்பது நல்லது.

அடுத்தது சானல் எண். இதைப் பலரும் கவனிப்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 1 முதல் 13 வரை சானல்கள் உண்டு. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கார்டுகளோ 11ஓடு நின்றுவிடும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த மடிக்கணினிகள் நம் வீடுகளில் ஏராளம். ரூட்டர் தானாகவே சானலைத் தேர்ந்துகொள்ளும்படி விடப்பட்டு, அது ஒரு நாள் 12க்கோ 13க்கோ நகர்ந்தால், நேற்றுவரை இணைந்த மடிக்கணினிக்கு இன்று வைஃபையின் பெயர்கூடத் தெரியாது. சானலை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றில் நிலையாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

2003இல் இன்டெலின் ‘சென்ட்ரினோ’ முத்திரையோடு வந்த முதல் மடிக்கணினிகளில் இன்டெல் ப்ரோ வயர்லெஸ் 2100 என்ற கார்டு இருக்கும். அதற்கு 802.11பி மட்டுமே தெரியும். அத்தகைய கருவி ஒன்று வீட்டு வைஃபையில் சேர்ந்தால், அதன் மெதுவான பேச்சு முடியும்வரை மற்ற கருவிகள் காத்திருக்க நேரிடும் என்பதால், எல்லோருடைய வேகமும் குறையும். 2100 கார்டைப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெயர் தெரிந்தும் உள்ளே நுழைய முடியாதபோது

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வைஃபையின் பூட்டு நான்கு தலைமுறைகளைக் கண்டிருக்கிறது. முதலில் வந்த டபிள்யூஇபி 2001லேயே உடைக்கப்பட்டது. அவசரமாக அதன் இடத்தில் 2003இல் டபிள்யூபிஏ வந்தது, 2004இல் டபிள்யூபிஏ2, 2018இல் டபிள்யூபிஏ3. பழைய கணினிக்குத் தெரிந்த கடைசிப் பூட்டும், ரூட்டர் ஏற்கும் பூட்டுகளில் ஒன்றும் ஒன்றாக இருந்தால்தான் கதவு திறக்கும். அவ்விரண்டும் சந்திக்கக்கூடிய இடம் டபிள்யூபிஏ2, அதுவும் ஏஇஎஸ் குறியாக்கத்துடன்.

எக்ஸ்பி வெளிவந்தபோது அதற்கு டபிள்யூபிஏ2 தெரியாது. 2004இல் வந்த சர்வீஸ் பேக் 2 என்ற புதுப்பிப்புத் தொகுப்பிலும் அது இல்லை. 2005இல் தனிப் புதுப்பிப்பாக வந்து, 2008இன் சர்வீஸ் பேக் 3இல் உள்ளடங்கியது. ‘மை கம்ப்யூட்டர்’ மீது வலது பொத்தானை அழுத்திப் பண்புகளைத் திறந்தால் எந்த சர்வீஸ் பேக் இருக்கிறது என்பது தெரியும். 3 இல்லை என்றால் அதை நிறுவுவதே முதல் வேலை. ஏறக்குறைய 316 எம்பி அளவுள்ள அந்தக் கோப்பை வேறு கணினியில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவர வேண்டும். இங்கே ஒரு சிறு பொறி உண்டு. 32 ஜிபிக்கு மேற்பட்ட புதிய பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. எக்ஸ்பி அவற்றைப் படிக்கத் தெரியாமல், டிரைவை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். ‘சரி’ என்று சொல்லிவிடாதீர்கள், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். முன்கூட்டியே ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த சிறிய பென்டிரைவைப் பயன்படுத்துங்கள்.

இயங்குதளம் மட்டும் டபிள்யூபிஏ2ஐ அறிந்தால் போதாது, கார்டின் டிரைவரும் அறிந்திருக்க வேண்டும். மடிக்கணினியோடு வந்த குறுவட்டில் இருக்கும் டிரைவர் பெரும்பாலும் அதற்கு முந்தியது. 2200பிஜிக்கு இன்டெல் பின்னாளில் வெளியிட்ட டிரைவர்கள் டபிள்யூபிஏ2ஐ ஏற்கின்றன. கார்டின் பெயரை ‘டிவைஸ் மேனேஜரில்’ பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்கான கடைசிப் பதிப்பைத் தேடி நிறுவுங்கள்.

பின்னர் எக்ஸ்பியின் வைஃபை இணைப்பின் பண்புகளுக்குள் ‘வயர்லெஸ் நெட்வொர்க்ஸ்’ என்ற பகுதிக்குப் போய், உங்கள் வைஃபையின் பெயரைச் சேர்த்து, அத்தாட்சி முறைக்கு டபிள்யூபிஏ2-பிஎஸ்கே என்றும் குறியாக்கத்துக்கு ஏஇஎஸ் என்றும் கையாலேயே தேர்ந்தெடுங்கள். தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் சில நேரங்களில் டிகேஐபி என்ற பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொண்டு தோற்றுப்போகும். கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்கும். இரண்டு முறையும் புள்ளிகளாகவே காட்டும். பழைய விசைப்பலகையில் ஏதோ ஒரு விசை வேலை செய்யாமல் இருப்பது இயல்பு என்பதால், முதலில் நோட்பேடில் தட்டி, கண்ணால் சரிபார்த்துக்கொள்வது உத்தமம். என் டி42இல் இடப்பக்க ஷிஃப்ட் விசை செத்துப்போயிருந்ததை இப்படித்தான் கண்டேன்.

இவ்வளவுக்குப் பின்னும் இணைவதும் அறுவதுமாக இருந்தால், யார் வைஃபையை ஆள்கிறார்கள் என்று பாருங்கள். திங்க்பேடில் எக்ஸ்பியின் சொந்த வைஃபை நிர்வாகம், இன்டெலின் ப்ரோசெட், ஐபிஎம்மின் ஆக்சஸ் கனெக்ஷன்ஸ் என மூன்று மென்பொருள்கள் ஒரே கார்டுக்காகச் சண்டையிடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கிவிடுங்கள். எக்ஸ்பியின் நிர்வாகத்தையே வைத்துக்கொள்வதாக இருந்தால், ‘சர்வீசஸ்’ பட்டியலில் ‘வயர்லெஸ் ஜீரோ கான்ஃபிகரேஷன்’ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இணைந்துவிட்டதாகக் காட்டியும் 169.254 என்று தொடங்கும் முகவரி கிடைத்திருந்தால், ரூட்டரிடமிருந்து முகவரி வந்து சேரவில்லை என்று அறியலாம்.

ரூட்டர் பக்கத்தில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, அது டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைக்கப்பட்டிருக்கக் கூடாது. மற்றொன்று, ‘மேனேஜ்மென்ட் ஃப்ரேம்’ பாதுகாப்பு என்ற அமைப்பு ‘கட்டாயம்’ என்று இருந்தால் அதை ‘விருப்பம்’ என்று மாற்ற வேண்டும். ஆனால் இந்த ஒரு கிழட்டுக் கணினிக்காக வீட்டின் முதன்மை வைஃபையை முழுவதுமாகத் தளர்த்துவதை நான் விரும்புவதில்லை. பல ரூட்டர்களில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்றைத் திறக்கலாம், அதை 2.4 கிகாஹெர்ட்ஸில், டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் பூட்டுடன் அமைத்து, மடிக்கணினியை அதில் மட்டும் சேருங்கள். வீட்டின் மற்ற கருவிகளை அது எட்டிப் பார்க்க முடியாது என்பது கூடுதல் நன்மை. வேறு வழியே இல்லை என்று டபிள்யூஇபிக்கு இறங்குவதோ, கடவுச்சொல்லே இல்லாமல் திறந்துவிடுவதோ மட்டும் வேண்டாம்.

கார்டை மாற்றலாமா

மாற்றலாம், ஆனால் சட்டென்று ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். டி42இன் உள்ளே இருப்பது மினி பிசிஐ கார்டு. அதற்குப் பிந்தைய மடிக்கணினிகளில் இருப்பது மினி பிசிஐ எக்ஸ்பிரஸ். இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தாது. பொருந்தினாலும் ஐபிஎம் மடிக்கணினிகளின் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அனுமதிப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இல்லாத கார்டைச் செருகினால் 1802 என்ற பிழை எண்ணைக் காட்டிவிட்டு, விண்டோஸ் பக்கமே போகாமல் கணினி நின்றுவிடும். கார்டின் மேல் பொத்திக்கொண்டிருக்கும் ஆன்டெனாக் கம்பிகளின் முனையும் மிளகளவுதான்; பலமுறை கழற்றி மாட்டினால் பிடி தளர்ந்துபோகும்.

யுஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் இதைவிட எளிது. வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி எக்ஸ்பிக்கு டிரைவர் உண்டா என்பதுதான். இன்று கடையில் முன்வரிசையில் இருக்கும் டாங்கிள்களில் பலவற்றுக்கு விண்டோஸ் 7க்குக் கீழே டிரைவர் கிடையாது. டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்725என் போன்ற, நொடிக்கு 150 மெகாபிட் வகையைச் சேர்ந்த பழைய டாங்கிள்களுக்கு எக்ஸ்பி டிரைவர் இருந்தது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய சரக்காக இவை கிடைக்கக்கூடும். மடிக்கணினியின் யுஎஸ்பி 1.1 வகையாக இருந்தால் நொடிக்கு 12 மெகாபிட்டுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். டி42இல் இருப்பது 2.0 என்பதால் அந்தக் கவலை இல்லை.

பக்கவாட்டுப் பொந்தில் செருகும் கார்டுகளிலும் இரு வகை உண்டு. 32 பிட் கார்ட்பஸ் வகையின் முனையில், வரிசையாகச் சிறு புடைப்புகள் கொண்ட உலோகப் பட்டை ஒன்று மின்னும். மிகப் பழைய 16 பிட் பொந்துக்குள் அது நுழையாது. நுழையவில்லை என்றால் அழுத்தித் தள்ள வேண்டாம்.

நான் முதலில் பரிந்துரைக்கும் வழி

மேலே சொன்னவற்றில் எதுவும் கைகொடுக்காத கணினிக்கும், விண்டோஸ் 98 ஓடும் கணினிக்கும்கூடப் பொருந்தும் வழி ஒன்று இருக்கிறது. டி42இல் லேன் கேபிளுக்கான துளை இருக்கிறது. அந்தக் காலத்து மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றிலும் உண்டு. வைஃபையின் பூட்டு எத்தனை முறை மாறினாலும் லேன் கேபிளின் பேச்சு மாறவே இல்லை. எனவே வைஃபையோடு பேசும் வேலையை ஒரு புதிய சிறு பெட்டியிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பெட்டிக்கும் மடிக்கணினிக்கும் இடையில் ஒரு முழம் லேன் கேபிளைப் போட்டுவிட்டால் போதும்.

அந்தப் பெட்டியாகப் பயன்படுவது உள்ளங்கைக்குள் அடங்கும் பயண ரூட்டர். டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஆர்802என் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கைபேசி சார்ஜரிலிருந்தே அதற்கு மின்சாரம் கொடுக்கலாம். பெட்டியைக் கைபேசியிலிருந்து திறந்து, அதன் இயங்குமுறையை ‘கிளையன்ட்’ என்று தேர்ந்தெடுத்து, வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு முறை கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. லேன் துளை உள்ள வைஃபை ரிப்பீட்டர் வீட்டில் சும்மா கிடந்தால் அதையும் இதே போலப் பயன்படுத்தலாம். மடிக்கணினிக்கு இப்போது வைஃபை என்ற ஒன்று இருப்பதே தெரியாது. கேபிள் செருகப்பட்டிருக்கிறது என்று மட்டுமே அறியும். சர்வீஸ் பேக், டிரைவர், சானல் எதையும் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மடிக்கணினியை மடியில் வைத்து நடமாட முடியாது என்று சிலர் குறைப்படுவார்கள். இருபது ஆண்டுப் பேட்டரி பத்து நிமிடம் தாங்கினாலே அதிகம், எப்படியும் சார்ஜர் கம்பியோடுதான் அது கட்டுண்டு கிடக்கப்போகிறது.

இணைந்துவிட்டது, ஆனால் எதுவும் திறக்கவில்லை

முதலில் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். மதர்போர்டின் நாணய பேட்டரி தீர்ந்துபோன கணினி, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பிறந்த ஆண்டுக்கே திரும்பிவிடும். தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழ்களுக்கு ஒரு தொடக்க நாளும் ஒரு முடிவு நாளும் உண்டு. 2004ஆம் ஆண்டில் நிற்பதாக நம்பும் கணினிக்கு அவை எல்லாமே இன்னும் தொடங்காத சான்றிதழ்கள். இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னாலும், தேதி வெகுதூரம் விலகியிருந்தால் எக்ஸ்பி மறுத்துவிடும். தேதியைக் கையால் சரிசெய்துவிட்டு அதன்பின் நேரத்தை ஒத்திசைத்தால் ஏற்றுக்கொள்ளும். நிலையான தீர்வு பேட்டரியை மாற்றுவதுதான்.

தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் குற்றம் உலாவியுடையது. எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு, தளங்களோடு பாதுகாப்பாகப் பேசும் டிஎல்எஸ் முறையில் 1.0 வரைதான் தெரியும். இன்றைய தளங்கள் 1.2க்குக் கீழே பேசுவதில்லை. 2021 செப்டம்பர் 30இல் பல தளங்களின் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக இருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, பல பழைய கருவிகளுக்கு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தளங்கள் மூடிக்கொண்டன. எக்ஸ்பிக்காக மொசில்லா வெளியிட்ட கடைசி ஃபயர்ஃபாக்ஸ் 52.9 தனக்கென்று சான்றிதழ்களை வைத்திருக்கிறது, டிஎல்எஸ் 1.2ஐயும் அறியும்; ஆனால் அது 2018இல் நின்றுபோனது. அதற்குப் பின் எக்ஸ்பியிலும் இயங்கும்படி தன்னார்வலர்கள் பராமரிக்கும் மைபால், சூப்பர்மியம் போன்ற உலாவிகள் இன்றைய தளங்களை ஓரளவு திறக்கின்றன. 512 எம்பி நினைவகத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் திறந்து வைப்பது வீண். எக்ஸ்பிக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நின்றுவிட்டதால், வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எதையும் அதில் திறக்க வேண்டாம்.

லினக்ஸ் போடுவதாக இருந்தால்

பழைய விளையாட்டோ, பழைய மென்பொருளோ வேண்டும் என்பதற்காக எக்ஸ்பியை வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, அதற்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதே நேரான பாதை. டபிள்யூபிஏ2, டிஎல்எஸ், சான்றிதழ் எல்லாம் ஒரே அடியில் தீர்ந்துவிடும். டி42 போன்ற 32 பிட் கணினிக்கு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 2023இல் வந்த 12ஆம் பதிப்பு பொருந்தும்; 2025இல் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கான நிறுவி இல்லை என்பதால் பதிப்பைப் பார்த்து இறக்குங்கள். இன்னும் இலேசாக வேண்டுமென்றால் ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் இருக்கிறது. டி42இல் உள்ளது போன்ற பென்டியம் எம் செயலிகள் பல, பிஏஇ என்ற வசதி தமக்கு இருப்பதை வெளியே சொல்வதில்லை. ஆகவே அதைக் கேட்காத ‘686’ கர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) தேர்ந்தெடுக்க வேண்டும். நினைவகத்தை 2 ஜிபிக்கு உயர்த்த முடிந்தால் உயர்த்திவிடுங்கள், டி42 அதுவரை தாங்கும்.

2200பிஜி கார்டுக்கான டிரைவர் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. ஆனால் கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் தனித் தொகுப்பாக வரும். டெபியன் 12இன் நிறுவியில் அது சேர்ந்தே வருகிறது. வேறு லினக்ஸ்களில் இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருக்கும், அதற்கு முதலில் இணையம் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்க ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியில் செருகி, ‘யுஎஸ்பி டெதரிங்’ பொத்தானைப் போடுங்கள். லினக்ஸ் அதைத் தனி டிரைவர் எதுவும் கேட்காமல் ஒரு லேன் கார்டாகவே எடுத்துக்கொள்ளும். ஃபர்ம்வேரை நிறுவி, கணினியை ஒரு முறை அணைத்து இயக்கினால், திரையின் மூலையில் வைஃபைப் பட்டியல் விரியும். டி42இன் மூடியில் உள்ள வைஃபை விளக்கு அப்போது பச்சையாக எரியத் தொடங்க வேண்டும்; எரியவில்லை என்றால் மீண்டும் எஃப்என் விசையோடு எஃப்5ஐத் தட்டிப் பாருங்கள்.